ஒத்திகை பார்த்த ஆவேசம்

எங்கள் நாட்டில் கலகத்துக்குக்கூட நேரம் குறித்து வைத்திருப்போம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பிரெஞ்சுக்காரன் என்றால் நினைத்த மாத்திரத்தில் தெருவில் இறங்கி ராஜா தலையைச் சீவுகிறவன் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். நான் விளக்கு விருது விழாவின் மேடையை மேற்பார்க்கிறவள், பெயர் மரீஸ். பிரெஞ்சு சினிமாவுக்காக தேசிய அளவில் கொடுக்கப்படும் அந்த வெண்கல விளக்குக்காக வருடா வருடம் பிப்ரவரியில் பாரிஸில் பாதிப் பேர் புதுச் செருப்பு வாங்குவார்கள். நான் மட்டும் அதே கறுப்புச் சட்டையோடு, காதில் ஹெட்போனும் கையில் நிகழ்ச்சி நிரலுமாகத் திரைச்சீலை ஓரத்தில் நிற்பேன். அந்த நிரலில் 'சிறந்த துணை நடிகர்' என்ற வரிக்குக் கீழே 'ஆச்சரியம்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் கலகம்.

அது வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் வேலை பார்க்கிற எங்களில் முக்கால்வாசிப் பேர், ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் வரும்வரை அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள். யார் ஆட்சிக்கு வந்தாலும் முதலில் அதன்மேல்தான் கண் வைப்பார்கள். ஒரு வருடம் பொறுக்க முடியாமல் தொழிற்சங்கத்து ஆட்கள் நேரலையின்போதே மேடை ஏறிவிட்டார்கள். விருது வாங்கியவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கி அறிக்கை வாசித்தார்கள். தள்ளுமுள்ளில் ஒரு விளக்கு உருண்டு முன்வரிசைப் பெரிய மனிதர் ஒருவரின் காலில் விழுந்தது. நிஜமான கலகம் அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் விருதுச் சபையின் செயலாளர் முசியே திபோ த பிரேமோன் சங்கத்துக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கன்றுக்கறிக் குழம்பு, பாலாடைக்கட்டித் தட்டு, நல்ல பர்கண்டி ஒயின். காபி வருவதற்குள் கலகத்துக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. யாருக்கும் அவமானமில்லை. சங்கத்துக்குத் தொலைக்காட்சி கிடைத்தது, சபைக்கு மனசாட்சி கிடைத்தது, எனக்கு நிரலில் கூடுதலாக ஒரு வரி கிடைத்தது.

அன்றிலிருந்து விழா நாள் மதியம் ஒத்திகை. ஆவேசம் எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும், எந்த இடத்தில் நின்று கொதிக்க வேண்டும் என்று தரையில் நான்தான் பசைநாடா ஒட்டுவேன். "பதாகை கொஞ்சம் தாழ்வா இருக்கு, கோபம் முகத்துல தெரியல" என்று லைட்காரர் மேலிருந்து கத்துவார். அமைச்சரின் உதவியாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, அமைச்சர் சிந்தனையோடு தலையசைக்கும்போது எந்தப் பக்கத்து கேமரா அவரைக் காட்டும் என்று கேட்டுக்கொள்வார். இடது கன்னம்தான் அவருக்கு எடுப்பாம்.

துணை நடிகர் விருதுக்குப் பிறகு என்று ஏன் வைத்தார்கள் என்றால், அந்த விருதை வாங்குகிறவரின் பேச்சு போனால் யாருக்கும் வருத்தமில்லை. கேட்டால் எல்லாரும் மறுப்பார்கள். உண்மை அதுதான்.

இந்தக் கலகத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தலைமை தாங்கியவன் ஆர்மெல் கெமெனேர். என் பழைய சிநேகிதன். பிரெத்தாஞ் கடற்கரையிலிருந்து நடிக்க வந்தவன். திரையில் அவன் பேசியதைவிடப் பிணமாகக் கிடந்தது அதிகம். பிணம் இல்லையென்றால் ஹோட்டல் சர்வர், சர்வர் இல்லையென்றால் கதவைத் தட்டும் போலீஸ்காரர். ஆனால் மேடையில் அவன் குரலைக் கேட்க வேண்டும், அடேயப்பா! விருது வாங்கியவரின் முழங்கையை மெதுவாகப் பிடித்து, "மன்னிக்கணும் தோழரே" என்று சொல்லி நகர்த்துவான் பாருங்கள், அதில் ஒரு நளினம் இருக்கும். நகர்த்தப்பட்டவர் நெஞ்சில் கைவைத்து ஓரமாக நிற்பார். ஆர்மெல் அறிக்கையை முழங்குவான். இரவல் வைரம் போட்டவர்கள் எல்லாரும் எழுந்து நின்று, ஏழைத் தொழிலாளிக்காகக் கைதட்டுவார்கள். பிறகு உட்கார்ந்து, 'சிறந்த சிகை அலங்காரம்' பார்ப்பார்கள்.

இந்த வருடம் ஒரு வம்பு வந்து சேர்ந்தது. ஆர்மெலின் பெயரே துணை நடிகர் பட்டியலில் வந்துவிட்டது.

ஏதோ ஒரு சின்னப் படம். மனைவியை இழந்த பஸ் டிரைவராக வருகிறான். அதில் ஒரு காட்சியில் வாய் திறக்காமல் வெங்காய சூப் குடிக்கிறான். குடிக்கிறான், குடித்துக்கொண்டே இருக்கிறான். "அந்தக் கரண்டியில் ஐரோப்பாவின் தோல்வி ததும்புகிறது" என்று ஒரு விமர்சகர் எழுதினார். சூப் அன்றைக்கு உப்புக் கரித்தது, அதனால்தான் முகம் அப்படிப் போனது என்று ஆர்மெல் என்னிடம் சொன்னான். யார் கேட்கிறார்கள்? சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் படம் பார்க்காமல் விமர்சனம் மட்டும் படித்து ஓட்டுப் போடுகிறவர்கள். அவர்களுக்கு அந்தக் கரண்டி பிடித்துப்போனது.

ஜனவரியில் வழக்கமான சாப்பாட்டுக் கூட்டம். நானும் போயிருந்தேன். திபோ, சங்கச் செயலாளர் ரெஜீன் புலார், சங்கத்து ஆட்கள் சிலர், ஆர்மெல். ரெஜீன் நல்ல பெண்தான். ஆனால் தூங்கும்போதும் தீர்மானம் நிறைவேற்றுகிற ரகம்.

"சிக்கல் ஒண்ணுமில்ல. ஆச்சரியத்தை வேற இடத்துக்கு மாத்திடலாம்" என்றார் திபோ, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

"மாத்துங்க. சிறந்த நடிகைக்கு அப்புறம் வையுங்க" என்றாள் ரெஜீன்.

"ஐயையோ, அந்தம்மா கழுத்துல கெடக்கிறது நகைக்கடைக்காரர் சரக்கு. பக்கத்துல எட்டுப் பேர் ஓடி வந்தா இன்ஷூரன்ஸ்காரன் என்னை உயிரோட விடமாட்டான்."

"அப்ப சிறந்த இயக்குநர்?"

"அவரு உங்களோட சேர்ந்துக்குவாரு, மதாம். சேர்ந்து மூணு மணி நேரம் பேசுவாரு."

வெளிநாட்டுப் படம் என்றால் அந்த நாட்டுத் தூதர் கோபித்துக்கொள்வார். சிகை அலங்காரத்தில் கைவைக்கக் கூடாது, அவர்களும் சங்கத்துக்காரர்கள். ஆவணப்படத்துக்குப் பிறகு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஆவணப்படக்காரர்களே அறிக்கைதானே வாசிப்பார்கள், ஒரே மேடையில் ரெண்டு அறிக்கையா என்று திபோ முகத்தைச் சுளித்தார். பாலாடைக்கட்டி வந்தது. இடம் மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் எல்லாரும் ஆர்மெலைப் பார்த்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கா கிடைக்கப்போகுது? அங்கேயே இருக்கட்டும்" என்றான்.

"கிடைச்சா?" என்றேன் நான்.

"கிடைக்காது மரீஸ். அந்த அழகன் லாம்பெர் இருக்கான்ல, அவனுக்குத்தான். போற எடமெல்லாம் அவன்தான் மாப்பிள்ளை."

ஆச்சரியம் அங்கேயே இருக்கட்டும், இந்த வருடம் ஆர்மெலுக்குப் பதில் தலைமை தனக்கு என்று ரெஜீன் ஓட்டுக்கு விட்டாள். ஜனநாயகம் பாருங்கள். பாதிக் கை மேலே, பாதிக் கை கீழே. ஆர்மெல் கடைசியாகத் தன் கையை மெதுவாகத் தூக்கினான். தன் பேச்சைத் தானே வெட்டுவதற்கு அவன் போட்ட ஓட்டில்தான் தீர்மானம் நிறைவேறியது. பெயர் வந்ததுமே தலைக்கனம் ஏறிவிட்டது என்று தோழர்கள் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்கு எரிச்சலாக வந்தது. பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு எங்கள் ஊரில் கட்டுப்பாடு என்று ஒரு கௌரவமான பெயர் உண்டு.

எரிச்சலுக்குக் காரணம் நதேஜ். ஆர்மெலின் மனைவி. பாரிஸை ஒட்டிய மோன்த்ரேயில் ஒரு பேக்கரியில் வேலை. விடியும் முன்னே எழுந்து போய், மதியம் வந்து, ஆர்மெலின் பிணச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுகிறவள். அவன் உதவித்தொகை நின்றுபோன வருடங்களில் அந்த வீட்டில் எரிந்த அடுப்பு அவளுடைய அடுப்பு. ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. பட்டியலில் பெயர் வந்த அன்று ஆர்மெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடை ஏறினா மொதல்ல ஒன் பேரைத்தான் சொல்லுவேன்" என்று வாக்குக் கொடுத்தானாம். ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடப் போனபோது அவள்தான் சொன்னாள்.

"கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் மரீஸ். மொதலாளியம்மா அன்னைக்கிக் கடையிலயே டி.வி. வைக்கிறாங்களாம். வாடிக்கைக்காரங்ககூட வர்றாங்களாம்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். "எனக்கு ஆசைன்னு பெருசா ஒண்ணும் இருந்ததில்ல. இது இருக்கு. என் பேரை ஒருத்தர் சத்தமா சொல்லிக் கேக்கணும். தப்பா?"

"தப்பே இல்ல" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஆர்மெல் குனிந்து உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தான். ஜனவரிச் சாப்பாட்டில் கை தூக்கியதை அவளிடம் அவன் மூச்சுவிடவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். கிடைக்காது என்று அவன் சொன்னதை நானும் நம்பினேன்.

விழா நாள் வந்தது. நதேஜுக்கு ஆர்மெலின் பக்கத்து நாற்காலி கிடைக்கவில்லை. அது ஒரு வாசனைத் திரவியக் கம்பெனியின் விருந்தாளிக்குப் போய்விட்டது. அவளை மேல்மாடத்துக்கு அனுப்பினார்கள். பச்சை நிறத்தில் ஒரு கவுன் எடுத்திருந்தாள். அந்தக் கொட்டகையில் இரவல் இல்லாத உடுப்பு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆர்மெல் திரைச்சீலை ஓரத்துக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மரீஸ், என் தாயே, ஒரு ஒத்தாசை."

"நெனச்சேன்."

"ஒருவேளை என் பேரைக் கூப்பிட்டா... நீ கை காட்டினாத்தானே ரெஜீன் ஆளுங்க ஓடி வருவாங்க? கொஞ்சம் தாமதமா காட்டு. ஒரு மூச்சு போதும். நதேஜ் பேரைச் சொல்லிட்டு நானே ஒதுங்கி நெஞ்சுல கைய வச்சுக்கிறேன்."

"அவகிட்ட உண்மையைச் சொன்னியா?"

அவன் தன் ஷூவைப் பார்த்தான்.

"நல்ல ஆம்பளைடா நீ! சரி, ஒரு மூச்சு தர்றேன். வளவளன்னு இழுக்காதே. மொதல் வார்த்தை அவ பேரா இருக்கணும். தயாரிப்பாளரு, இயக்குநரு, சூப்பு வச்சவன் எல்லாம் நரகத்துக்குப் போகட்டும்."

"மொதல் வார்த்தை நதேஜ்" என்றான் பள்ளிக்கூடப் பையனைப் போல. எனக்குப் பாவமாக இருந்தது. நல்லவன்தான். நல்லவர்களோடு குடும்பம் நடத்துவது தனிக் கஷ்டம்.

விழா வழக்கம்போல நகர்ந்தது. தொகுப்பாளர் சொன்ன ஜோக்குக்கு அவர் மட்டும் சிரித்தார். ஒலிப்பதிவு விருது வாங்கியவர் அழுதார். எடிட்டிங் விருது வாங்கியவர் பேச்சைச் சுருக்கத் தெரியாமல் தவித்தார். அப்புறம் துணை நடிகர் விருது. உறையைப் பிரித்த நடிகை பெயரைப் படித்துவிட்டு, தப்பான உறையோ என்று ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள்.

"ஆர்மெல் கெமெனேர்!"

லாம்பெர் ஏற்கெனவே பாதி எழுந்துவிட்டான். எழுந்தவன் எழுந்தபடியே, தான் கைதட்டத்தான் எழுந்ததுபோலக் கைதட்டினான். நடிப்பென்றால் அதுதான் நடிப்பு. அந்த விளக்கை அவனுக்கே கொடுத்திருக்கலாம். ஆர்மெல் மேடைக்கு வந்தான். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மைக்குக்கு அவன் கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்தன.

என் பக்கத்தில், திரைச்சீலை மறைவில், ரெஜீனும் ஆட்களும் பதாகையோடு குமுறத் தயாராக நின்றார்கள்.

"கை காட்டுங்க மதாம்" என்றாள் ரெஜீன்.

"இரு. கொஞ்சம்."

ஆர்மெல் மைக்கின் முன் நின்று விளக்கைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். மேல்மாடத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். சொல்லுடா, சொல்லு.

"நான்... இந்தச் சபைக்கு... இயக்குநருக்கு மொதல்ல..."

நான் பல்லைக் கடித்தேன். தன்னைப் பற்றிப் பேசியே பழக்கமில்லாதவன். நன்றி என்றதும் பெரிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துவிட்டான். இயக்குநர், தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர் என்று ஒவ்வொருவராக ஏணியில் இறங்கி வந்தான். மனைவி கடைசிப் படியில் நிற்கிறாள்.

"மதாம், நிரல்படி நாங்க இப்ப உள்ள இருக்கணும்" என்றாள் ரெஜீன்.

"அவன் பொண்டாட்டி பேரைச் சொல்லட்டும், அப்புறம் போங்க."

"தனிப்பட்ட விசயத்துக்காகப் போராட்டத்தைத் தள்ளிப்போட முடியாது."

"அம்மா தாயே, இது போராட்டமே இல்ல. இதுக்கு மத்தியானம் ஒத்திகை பாத்தோம்."

அது அவளைச் சுட்டுவிட்டது. "தோழர்களே!" என்று ஒரு சத்தம். என் கையைத் தட்டிவிட்டு ஓடினாள், எட்டுப் பேரும் பின்னால் ஓடினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. விளக்கு வெளிச்சம் பசைநாடா ஒட்டிய இடத்தில் சரியாக விழுந்தது. கூட்டம் "ஆ" என்று வியந்தது. வருடா வருடம் வியக்கிற அதே இடத்தில் வியந்தது. முன்வரிசையில் அமைச்சர் இடது கன்னத்தைத் திருப்பினார்.

ரெஜீன் ஆர்மெலின் முழங்கையைப் பிடித்தாள். "மன்னிக்கணும் தோழரே."

ஆர்மெல் நகரவில்லை.

"இரு ரெஜீன். ஒரே ஒரு பேர்."

மைக் அதைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கச் செய்துவிட்டது. ரெஜீனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நகர மறுக்கிறவரை என்ன செய்வது என்று ஒத்திகையில் பார்க்கவில்லையே! முழங்கையை இன்னொரு தரம் இழுத்தாள். அவன் கம்பம் மாதிரி நின்றான். மேடையில் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள். என் காதில் திபோ, "என்ன நடக்குது அங்க? மரீஸ், என்ன நடக்குது?" என்று கத்தினார்.

"இப்பதான் ஏதோ நடக்குது" என்றேன்.

ரெஜீன் கையை எடுத்துவிட்டாள். அதை நான் மறுக்கமாட்டேன், விட்டுக்கொடுத்தாள். பின்னால் நகர்ந்து பதாகையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்மெல் தனியாக மைக்கின் முன்னால். முதுகுக்குப் பின்னால் விரித்த பதாகை, முகத்தில் வெளிச்சம், காலடியில் என் பசைநாடா. மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

"நண்பர்களே! நீங்கள் திரையில் பார்க்கும் ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும், நீங்கள் பார்க்காத நூறு கைகள் இருக்கின்றன!"

அறிக்கையின் முதல் வரி.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்த இடத்தில், அந்த வெளிச்சத்தில், அந்த மைக்கின் முன்னால் இத்தனை வருடமாக அவன் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். வாய் தன் வழியைப் பார்த்துக்கொண்டது. அவன் கண்களைப் பார்த்தேன். இது அதுவல்ல என்று அவனுக்கே தெரிகிறது. ஆனால் நிறுத்த முடியவில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. என்ன கணீரென்ற குரல்! ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை. முகத்தில் கண்ணீர் வழிகிறது, வாய் உதவித்தொகையைப் பற்றிப் பேசுகிறது. வைரங்கள் எழுந்து நின்றன. இவ்வளவு உணர்ச்சியோடு அவன் வாசித்து யாரும் கேட்டதில்லை. "பிரமாதம்! அவனே வாங்கி அவனே குறுக்கிடறான்! இதை யார் யோசிச்சது?" என்றார் திபோ என் காதில்.

அப்போதுதான் யாரோ என் தோளைத் தொட்டார்கள். பச்சைக் கவுன். செருப்பு இரண்டையும் ஒரு கையில் பிடித்திருந்தாள். மேல்மாடத்திலிருந்து படிக்கட்டு வழியாக ஓடி வந்திருக்கிறாள். காவலாளி பின்னாலேயே வந்து, "மதாம், இங்க வரக் கூடாது" என்றான்.

"என்னோட ஆளு. விடு" என்றேன்.

நதேஜ் மேடையைப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு இருக்கு?"

"கடைசிப் பத்தி."

"தெரியும். எனக்கு மனப்பாடம். சமையல்கட்டுல நின்னுதான் ஒப்பிப்பான்." "மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். இந்த வருசமும் இதே எடத்துலதான்னு அவனுக்கு முன்னயே தெரியுமா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியும். கூட்டத்துல ஓட்டும் போட்டான்."

நான் அசட்டுத்தனமாக, "பழக்கதோஷம் நதேஜ். வேணும்னு பண்ணல. பரவாயில்லன்னு விட்டுடு" என்றேன்.

"பரவாயில்லன்னு நான் சொல்லமாட்டேன், மரீஸ். எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. இதுக்குச் சொல்லமாட்டேன். அங்க கடையில அத்தனை பேரும் ஒக்காந்துருக்காங்க."

ஆர்மெல் முடித்தான். கொட்டகை இடிந்துவிடும்போலக் கைதட்டல். ரெஜீன் அவனைக் கட்டிப்பிடித்து, "தோழர், உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன்" என்று அழுதாள். சபையும் சங்கமும் ஒரே நேரத்தில் அவனைக் கொண்டாடின. அவன் மட்டும், வீட்டுச் சாவியைத் தொலைத்தவன் மாதிரி, மேல்மாடத்தில் ஒரு காலி நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தான். வழக்கம்போல ஆவேசம், ஆர்மெலை மேடையிலேயே விட்டுவிட்டு, வரிசையாக இடப்பக்கம் வெளியேறியது. கூட்டம் உட்கார்ந்தது. சிகை அலங்காரத்துக்கு இசை தொடங்க வேண்டும். நான் கை காட்டினால்தான் தொடங்கும்.

நதேஜ் செருப்பைக் கீழே வைத்தாள், காலில் மாட்டிக்கொண்டாள், மேடைக்குள் நடந்தாள்.

"யார் அது?" என்றது காது. "மரீஸ், யார் அந்தம்மா? எந்தச் சங்கம்?"

"தெரியல முசியே."

"நிரல்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப விளம்பரத்துக்குப் போங்க! கை காட்டுங்க!"

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மைக் அவள் உயரத்துக்கு அதிகம். அதை இறக்கத் தெரியாமல் கொஞ்சம் எம்பினாள். ஆர்மெல் ஓடி வந்து இறக்கிவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"என் பேரு நதேஜ் கெமெனேர்" என்றாள். பேக்கரியில் ஆர்டர் கூப்பிடுகிற குரல், தெளிவாக இருந்தது. "மோன்த்ரேயில ரொட்டிக் கடையில வேலை பாக்கிறேன். இவரு இங்க வந்ததும் மொதல்ல என் பேரைச் சொல்றதா இருந்துது. மறந்துட்டாரு. கடையில எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பீங்க. மொதலாளியம்மா, நீங்க தப்பான சேனல் வைக்கல. நான் பொய்யும் சொல்லல."

யாரும் கைதட்டவில்லை. அதுதான் எனக்கு மறக்கவே முடியவில்லை. ஒருவராவது எழுந்திருப்பார் என்று பார்த்தேன். அவர்களுக்குத் தெரியவில்லை. எழ வேண்டுமா, சிரிக்க வேண்டுமா, கண்ணைத் துடைக்க வேண்டுமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அமைச்சர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் நிரலைப் புரட்டினார். அத்தனை பெரிய கலைஞர்கள், அத்தனை பேருக்கும் கையிருந்தது. நான் தட்டினேன். திரைச்சீலைக்குப் பின்னால் ஒற்றை ஆள் தட்டுவது வெளியே கேட்கவில்லை.

"நன்றி சொல்றதுக்கு நான் வரல" என்றாள் நதேஜ். "எனக்கு வர வேண்டிய நன்றி ஒண்ணு இருக்கு. அத வாங்கிக்கிட்டுப் போறேன்."

ஆர்மெலின் கையிலிருந்து வெண்கல விளக்கை எடுத்தாள். அவன் கொடுத்தான் என்று சொல்ல முடியாது, தடுத்தான் என்றும் சொல்ல முடியாது. கனமான சாமான் அது. மாவு மூட்டை தூக்கிப் பழகியவள், இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் போகிற இடப்பக்கம் அவள் போகவில்லை. முன்படிகளில் இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் இருந்த சிவப்புக் கம்பளத்தில், பெரிய வாசலைப் பார்த்து நடந்தாள். கவுன்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். லாம்பெர் கால்களை மடக்கிக்கொண்டான்.

மேடையில் ஆர்மெல் மட்டும் நின்றான். அவனுக்கு முன்னால் மைக். ரெஜீன் இல்லை, பதாகை இல்லை, குறுக்கே வர ஆளில்லை. அவன் வாழ்நாளில் அவனுக்கென்று கிடைத்த அமைதி அதுதான். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அவன் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

அவன் மைக்கைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். பிறகு படியில்கூட இறங்காமல் மேடையிலிருந்து குதித்து, "நதேஜ்! நதேஜ்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். மைக்கே தேவைப்படவில்லை, கொட்டகை முழுக்கக் கேட்டது. வாசலில் அவள் நிற்கவில்லை. அவனும் நிற்கவில்லை.

"அடுத்து யாரு பேசறா?" என்று கெஞ்சினார் திபோ என் காதில்.

"யாருமில்ல முசியே" என்றேன். "இப்ப விளம்பரம் போடுங்க."